சிறுநீரகப் புற்றுநோய்: நிணநீர்க்கணுப் பரவலும் ஆயுள் கணிப்பும்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். அந்த நெறிதான் நிணநீர்க்கணு. சிறுநீரகத்துக்குரிய கணுக்கள் வலப்புறம் கீழ்ப்பெருஞ்சிரையையும் இடப்புறம் பெருந்தமனியையும் ஒட்டி, வயிற்றின் ஆழத்தில் கிடக்கின்றன, கைக்குத் தட்டுப்படுவதில்லை. புற்று அங்கே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் நோயாளி எத்தனை காலம் இருப்பார் என்று கணிக்கும் முயற்சிக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு.

கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த சார்லஸ் ராப்சன், சிறுநீரகத்தை, அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, அட்ரீனல் சுரப்பி, கணுக்கள் ஆகியவற்றோடு சேர்த்து அகற்றிய 88 பேரின் விவரத்தை 1969இல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கிய நான்கு நிலைப் பகுப்பு நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. ஆனால் அதன் மூன்றாம் நிலையில் ஒரு குழப்பம்: சிரைக்குள் மட்டும் கட்டி வளர்ந்தவரும் கணுவில் நோய் உள்ளவரும் அதில் ஒன்றாக அடைக்கப்பட்டனர். முன்னவருக்குக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கணிசம், பின்னவருக்கு அப்படியில்லை. பின்னர் வந்த டி.என்.எம். முறை, கட்டிக்கும் கணுவுக்கும் தொலைப் பரவலுக்கும் தனித்தனிக் குறியீடு தந்து இரண்டையும் பிரித்தது.

1982இல் சூசன் ஃபுர்மன் குழு, புற்றுச் செல்லின் உட்கருவைக் கொண்டு தரம் பிரித்தது. முதல் தரத்தில் உட்கரு ஏறத்தாழ 10 மைக்ரான் அளவில் உருண்டையாக இருக்கும். நான்காம் தரத்தில் அது தாறுமாறாக உருக்குலைந்திருக்கும்.

ஸ்கேன் வந்தபின் கணு வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வீங்கியதெல்லாம் புற்று அல்ல. சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் ஸ்டூடர் குழு 1990இல் தந்த கணக்கில், சி.டி. ஸ்கேனில் கணு பெரிதாகத் தெரிந்த 43 பேரில் 25 பேருக்கு வெறும் அழற்சிதான். கட்டிக்குள் திசு அழுகினாலும் கணு வீங்கும். வீங்காத கணுவில் நுண்ணிய அளவில் புற்று ஒளிந்திருப்பதும் உண்டு.

2000க்குப் பிறகு மதிப்பெண் முறைகள் பெருகின. மேயோ கிளினிக் 2002இல் நோய்நிலை, கட்டியின் அளவு, செல் தரம், திசு அழுகல் ஆகிய நான்கையும் கூட்டி ஆயுளைக் கணித்தது. கணுவைப் பொறுத்தவரை 2004இல் அங்கிருந்தே வந்த ஆய்வுதான் முக்கியம். உயர் தரம், சார்கோமா போன்ற செல்கள், 10 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அளவு, சிறுநீரகத்தைத் தாண்டிய வளர்ச்சி, திசு அழுகல் என ஐந்து அறிகுறிகளை அது எடுத்துக்கொண்டது. இவற்றில் ஒன்றோ, எதுவுமில்லாமலோ இருந்த 1,031 பேரில் 6 பேருக்கே கணுவில் நோய். இரண்டோ அதற்கு மேலோ இருந்த 621 பேரில் 62 பேருக்கு இருந்தது.

கணுக்களை முழுவதும் எடுத்துவிட்டால் ஆயுள் கூடுமா? 772 பேரைக் கொண்ட ஐரோப்பியச் சோதனையின் இறுதி முடிவு 2009இல் வந்தது: கூடவில்லை. ஆனால் எடுத்துப் பார்த்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கே கணுவில் நோய் இருந்தது. ஆகவே ஆபத்து மிகுந்தவர்களுக்கும் இதே விடை பொருந்தும் என்று சொல்ல இந்தச் சோதனை போதாது. சிறுநீரகத்து நிணநீர் சில வேளை கணுக்களைத் தொடாமலே மார்பு நாளத்துக்குப் போய்விடுவதும் கத்தியின் எல்லையைக் காட்டுகிறது.

வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் கணுவில் நோய் உள்ளவர் இன்றும் ஏட்டில் மூன்றாம் நிலைதான். அவர்களின் ஆயுளோ நான்காம் நிலையினருடையதை ஒட்டியே இருப்பதாக அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. அறுவைக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைத் தந்து பார்த்த பெரிய சோதனையில் இவர்கள் உயர் அபாயப் பிரிவில் வைக்கப்பட்டனர். சோதனையில் சேர்ந்தவர்களை மொத்தமாகப் பார்க்கையில் அம்மருந்து ஆயுளைக் கூட்டியது 2024இல் உறுதியானது.