பத்து விநாடி நீட்டிய கை

பக்கவாத சிகிச்சையின் நவீன வரலாறு 1995 டிசம்பரில் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், முடங்காமல் மீள்பவர்கள் கூடுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று அந்த மாதம்தான் காட்டியது. மருந்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால், நோயை முதலில் சந்தேகிக்கும் பொறுப்பு மருத்துவரிடமிருந்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் இறங்கிவந்ததைத்தான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். மூளைக்குள் நடப்பது பழைய செய்தி. ஸ்விட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து ரத்தக்கசிவைப் பற்றி 1658-லேயே எழுதிவிட்டார். தெருவில் விழுந்தவருக்கு அந்த அறிவால் மூன்று நூற்றாண்டுகள் ஒரு பயனும் இல்லை. செய்ய வழியில்லாதபோது அவசரம் எதற்கு? வாய் கோணியவரை ஏற்றிச் செல்வது வெறும் சவாரியாகவே இருந்தது.

ஊசி வந்ததும் அந்தச் சவாரியின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை வந்தது. மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்திய நீண்ட பரிசோதனையை, 1997-இல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் மூன்றாகச் சுருக்கினார்கள். சிரிக்கச் சொன்னால் ஒரு பக்க வாய் இறங்குகிறதா, கண்ணை மூடி இரு கைகளையும் பத்து விநாடி முன்னே நீட்டினால் ஒன்று மட்டும் தாழ்கிறதா, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் நாக்கு குழறுகிறதா, அவ்வளவுதான். கண்ணை மூடச் சொல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. பார்த்துக்கொண்டிருந்தால் தாழும் கையை அவரே தூக்கிச் சரிசெய்துவிடலாம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசிலில், முகம், கை, பேச்சு என்ற அதே வரிசையில் ‘ஃபாஸ்ட்’ சோதனை உருவானது.

இது முரட்டுக் கருவி என்பார்கள். உண்மைதான். மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்து தலைசுற்றித் தள்ளாடுபவர் இதில் தப்பிவிடலாம். சர்க்கரை குறைந்து குழறுபவர் தவறாகச் சிக்கலாம். அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸில் 1998-இல் உருவான சோதனை முறையில் ரத்தச் சர்க்கரையையும் சேர்த்தார்கள். ஆனால் அடைப்பா கசிவா என்று தெருவில் நின்று தீர்மானிக்க எந்த நிபுணராலும் முடியாது, அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். ஊழியரின் வேலை சந்தேகிப்பது, மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்வது, வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்பது: “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” காலை ஆறு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு முந்தைய இரவு படுத்த நேரத்திலிருந்து ஓடுகிறது. இந்தப் பதில் மருத்துவமனையில் கிடைக்காது. மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோதான் சொல்ல முடியும்.

2008-இல் ஜெர்மனியின் ஹோம்புர்க்கில் சி.டி. கருவியை ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஏற்றிவிட்டார்களே, இனி இந்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். அந்த வண்டியை அனுப்பவும் யாராவது ஒருவர் முதலில் சந்தேகப்பட்டாக வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்களுக்காகச் செய்த நியூகாசில் சோதனையை 2009-இல் இங்கிலாந்து அரசு தொலைக்காட்சி விளம்பரமாக்கியபோது, அந்தப் பொறுப்பு வீட்டுக்கூடம்வரை வந்து சேர்ந்தது. நம் ஊரில் வண்டியை அழைக்கும் எண் 108. அழைக்கும்போது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் சொல்லுங்கள்.