பள்ளி வாசலில் தொங்கும் சரம்

கரிசல் சீமையில் எட்டயபுரமும் கோவில்பட்டியும் அக்கம்பக்கத்து ஊர்கள். எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கோவில்பட்டி, கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊர்; 2020-ல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சோற்றுக்கு அரசு, தின்பண்டத்துக்குக் கடைத்தெரு என்று கிராமத்துப் பிள்ளைகளின் வயிறு இரு பக்கமாக நிறைந்து வந்த கதையை இந்த இரண்டு ஊர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

அரசு தன் பங்கைப் படிப்படியாகக் கூட்டியது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-ல் கருணாநிதி காலத்தில் முட்டை, 2022-ல் காலை உணவு.

வாசலுக்கு வெளியே நடந்தது வேறு. முன்பெல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்த பாட்டி இலந்தைப்பழம், கொடுக்காப்புளி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று விற்பாள். பெட்டிக்கடையின் கண்ணாடிச் சாடிகளில் கமர்கட்டும் இலந்தவடையும் தேன்மிட்டாயும் இருக்கும். எல்லாம் சத்தான பண்டம் என்று சொல்ல முடியாது. தேன்மிட்டாய் சீனிப்பாகில் ஊறியதுதான். ஆனால் கடலைமிட்டாயில் இருப்பது கடலையும் வெல்லமும். இரண்டும் கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிந்த பொருள்கள்.

சாடியை வெளியேற்றியது பொட்டலம். கடலூரில் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற யோசனை, பெரிய கம்பெனிகளுக்குக் கிராமத்துச் சில்லறைக் காசை எட்டும் வழியைக் காட்டியது. தின்பண்டமும் அதே வழியில் வந்தது. லேஸ் 1995-ல் இந்தியாவுக்குள் நுழைந்தது, குர்குரே 1999-ல். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகக் கடை முகப்பில் தொங்கின. கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. வெல்லப் பண்டத்தில் எறும்பு மொய்க்கும், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். பாக்கெட் மாதக்கணக்கில் நமுக்காமல் கிடக்கும். அதற்குக் குளிர்பெட்டியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

குர்குரே போன்ற பாக்கெட்டின் உள்ளே இருப்பது என்ன? சூட்டிலும் அழுத்தத்திலும் துளை வழியே பிதுக்கிப் பொரிய வைத்த மாவு. அதன்மேல் எண்ணெய், உப்பு, சுவையூட்டி. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டேரோ 2009-ல், உணவை அது பதப்படுத்தப்படும் விதத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்றார். மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு என்ற வகை அப்படித்தான் பரவலாயிற்று. ஆலையில் பிரித்தெடுத்த பொருள்களையும், வீட்டு அடுக்களையில் இல்லாத சேர்மானங்களையும் கூட்டிச் செய்வதே அதன் அடையாளம். இனிப்பு எவ்வளவு இருந்தாலும் கடலைமிட்டாயை இந்தப் பாக்கெட்டோடு ஒரே தட்டில் வைக்க முடியாததும் இதனால்தான்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி செய்தது. தேவையான விதிதான். ஆனால் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளை வழியில் எத்தனை கடைகளைக் கடக்கிறது! பஸ் நிறுத்தத்தில் ஒன்று, ஆலமரத்தடியில் ஒன்று, ஒரு வீட்டுத் திண்ணையிலேயே ஒன்று. மூன்றிலும் சரம் தொங்குகிறது.