எல்லை பெயர்ந்தும் பெயராத அறிவிப்பு

திருத்தணிகைப் பதியில் ராஜ்ய எல்லை இருமுறை பெயர்ந்தும், வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கு விடுக்கும் எச்சரிக்கை அறிவிப்பின் ஆதாரம் பெயராமல் நின்றதற்குக் காரணம் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே சென்ற இவ்வூர், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. எனினும் அச்சட்டத்தின் 108ஆவது பிரிவு இரு ராஜ்யங்களுக்கும் பொதுவாகவே இருந்தது.

குடியிருப்பவர், தம் செயலாலோ தம் வேலைக்காரரின் அசிரத்தையாலோ வீட்டுக்கு நேர்ந்த பழுதை, சொந்தக்காரர் அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் செப்பனிட்டாக வேண்டும் என்பதும், வாசத்துக்காகப் பெற்ற இடத்தை வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாகாது என்பதும் அப்பிரிவின் விதிகள். கிணற்று ராட்டினத்தை உடைத்தவருக்கு மூன்று மாத அவகாசம் என்பது, என் அபிப்பிராயத்தில், வெகு தாராளம். அதுவரை தண்ணீர் இறைப்பது யார்?

1960ஆம் வருஷத்திய சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, கட்டடத்தின் மதிப்பைக் குலைக்கும் நாசச் செயலை வெளியேற்றத்துக்கு ஒரு முகாந்தரமாக்கியதோடு, தக்க காரணமின்றி வசதிகளைத் துண்டித்துப் பழிதீர்க்கும் வீட்டுக்காரரையும் தடுத்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தின்படி, துஷ்பிரயோகத்தை நிறுத்தச் சொல்லி அறிவிப்புப் பெற்ற பின்னும் அதைத் தொடர்பவரையே அக்காரணம் காட்டி வெளியேற்றக் கோரலாம்.