தடை செய்யப்பட்ட தோட்டம்

1851ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் நாள் பிரசிய அரசின் கல்வி அமைச்சு ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள கிண்டர்கார்ட்டன்கள் யாவும் மூடப்படல் வேண்டும் என்பதே அவ்வாணை. சின்னஞ்சிறார் கம்பளிப் பந்து உருட்டியும் கைகோத்து ஆடியும் களித்த இடங்களில் அரசு கண்ட குற்றம் நாத்திகமும் சமதர்மமும் ஆகும். நேயர்கள் நகைக்கக்கூடும். அறுபத்தொன்பது வயதில் இச்செய்தியைக் கேட்ட பிரெடரிக் புறோபெலால் நகைக்க இயலவில்லை.

துரிங்கியா நாட்டுச் சிற்றூரொன்றில் 1782இல் பிறந்த அவர், ஒன்பது மாதக் குழந்தையாயிருந்தபோதே தாயை இழந்தவர். வனத் தொழில் பயின்றார். சுவிற்சலாந்திலே பெஸ்தலோசியிடம் தங்கிக் கல்விமுறை கற்றார். பின்னர் பெர்லினிற் பளிங்குக் கற்களை ஆராயும் பணியில் இருந்தார். கல்லானது தன் உள்ளமைந்த ஒழுங்கினாலேயே வடிவம் கொள்வதை அங்கே கண்டார். குழந்தையும் அவ்வாறே உள்ளிருந்து மலர்வது என்னும் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1840இல் தம் சிறார் நிலையத்துக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அது வெறும் உவமையன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறு பாத்தியொன்று உண்மையாகவே ஒதுக்கப்பட்டது.

அவர் அமைத்த விளையாட்டுப் பொருள்களுக்குக் 'கொடைகள்' என்று பெயர். முதற்கொடை ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. மூன்றாவதே என் மனத்தைக் கவர்ந்தது. அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது பிள்ளையின் குறும்பன்று, ஆராய்ச்சி என்பது புறோபெலின் துணிபு. பிரித்தபின் மீளப் பொருத்துவதற்கும் அப்பொருள் இடந்தருகிறது. நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில், வகுப்பிலிருந்த கைவிளக்கைக் கழற்றிய சிறுவனொருவனைக் கைகட்டி நிற்க வைத்தேன். அதை மீளப் பொருத்த அவனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

இனி, தடைக்கு வருவோம். புறோபெலின் உடன்பிறந்தார் மகன் கார்ல் என்பார் தீவிர அரசியற் கருத்தினர். பெண்கல்வி பற்றியும் சிறார் நிலையங்கள் பற்றியும் நூல் எழுதியவர். இருவரையும் அமைச்சு ஒருவராகக் கருதி மயங்கியது என்பர். அம்மயக்கம் மாத்திரமே காரணம் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தவறு எடுத்துக்காட்டப்பட்ட பின்னரும் ஆணை மாறவில்லையே! 1848இன் புரட்சி அடங்கி அப்பொழுது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அப்புரட்சியாண்டிலேதான் ருடோல்ஸ்டட் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, கிண்டர்கார்ட்டன் நாட்டுக் கல்வியின் அங்கமாதல் வேண்டும் எனக் கேட்டது. பெண்கள் பயிற்சிபெற்று ஆசிரியைகளாய் வெளிவருவதும் பலருக்குக் கசந்தது. தானே சிந்தித்துத் தானே செய்து பழகும் பிள்ளை நாளை எத்தகைய குடிமகனாவான் என்பதை அவ்வரசு ஓரளவு உணர்ந்தேயிருந்தது என எண்ணுகிறேன்.

1852 யூன் 21ஆம் நாள் புறோபெல் மறைந்தார். தடையோ நிலைத்தது. ஆயினும் அவரது முறை கடல் கடந்தது. இலண்டனில் 1851இலேயே ஜேர்மனியர் ஒரு நிலையம் நிறுவியிருந்தனர். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து வாட்டர்டவுனில், 1856இல் மார்கரெத்த சூர்ஸ் அம்மையார் தம் மகளையும் உறவினர் பிள்ளைகளையும் கூட்டி வைத்துத் தொடங்கினார். பிரசியாவிலே, பேர்த்தா வொன் மாரன்கோல்ஸ் பூலோ என்னும் சீமாட்டி ஓயாது வாதாடினார். 1860இல் ஆணை நீக்கப்பட்டது.

பின்வந்த ஆசிரியர் சிலர் கொடைகளை மணியடித்து எடுக்கவும், கட்டளைக்கு அடுக்கவும், மணியடித்து மூடவும் பிள்ளைகளைப் பழக்கினர். சுவைனா என்னும் ஊரிலுள்ள அவர் கல்லறைமீது கனசதுரமும் உருளையும் உருண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கின்றன.