தும்மல் மருந்தின் கதை

திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் தொழில் பகுதிகளில் தும்மலும் மூக்கு ஒழுகலும் சகஜம். கட்டிங் மேஜை, ஓவர்லாக் மிஷின் என்று எதைத் தொட்டாலும் கையில் பஞ்சுத் தூசு ஒட்டும். தும்மல் நிற்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் மிஷினில் உட்கார்ந்து விடுவார்கள். அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதன் ஒரு சோகமான அத்தியாயம் நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது.

முதலில் தும்மல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். தூசு போன்ற ஒன்றை உடம்பு எதிரியாக நினைத்துக்கொண்டால், சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடும். அதனால் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், தோல் தடிக்கும். லண்டனில் ஹென்றி டேல், லெய்ட்லா என்ற இருவரும் 1910-ல் இந்த ஹிஸ்டமின் உடம்பில் என்னென்ன செய்யும் என்று எழுதினார்கள். சரி, இதைத் தடுக்க மருந்து உண்டா? பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே 1937-ல் முதல் பொருளைக் கண்டுபிடித்தார். ஆனால் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அது நச்சு. 1942-ல்தான் மனிதருக்கான முதல் மருந்து வந்தது. போவேவுக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1940-களிலேயே பெனிரமின் வந்தது. 'அவில்' என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதுதான் இது! அந்த மூலக்கூறில் ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தபோது வீரியம் பல மடங்கு கூடியது. அதுதான் குளோர்பெனிரமின். இதன் மாலியேட் உப்பு ஒரு வெள்ளைத் தூள், தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்து விடும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு சிக்கல் உண்டு. இது மூளைக்குள்ளும் போய்விடும். அங்கே நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் ஹிஸ்டமினுக்குப் பங்கு இருப்பதால், அதைத் தடுத்தால் தூக்கம் வரும். ஓடும் ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் வந்த செட்டிரிசினில் தூக்கம் குறைவு, பெக்ஸோபெனடினில் இன்னும் குறைவு.

இனி சோகத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அவர்கள் குடித்த 'கோல்ட்ரிப்' சிரப் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தயாரித்தது. அதில் பாராசிட்டமால், பினைல்எப்ரின், குளோர்பெனிரமின் என்று மூன்று மருந்துகள். கொன்றது இந்த மூன்றும் இல்லை!

குளோர்பெனிரமின் தண்ணீரில் கரைந்து விடும், பாராசிட்டமால் அவ்வளவாகக் கரையாது. அதற்காகப் புரொப்பிலின் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் அது பாதுகாப்பானது. தரமில்லாததை வாங்கினால் டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருக்கலாம். இரண்டுமே நிறமில்லாத திரவங்கள், இரண்டும் இனிக்கும். பார்த்தோ ருசித்தோ பிரித்துச் சொல்ல முடியாது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தமிழ்நாடு அரசின் ஆய்வகம் அந்தச் சிரப்பில் கண்டது 48.6 சதவீதம், கிட்டத்தட்டப் பாதி பாட்டில்! தொழிற்சாலையைச் சோதித்தபோது 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் தெரியவந்தன. உரிமம் ரத்தானது.

இது புதிய விஷமும் இல்லை. அமெரிக்காவில் 1937-ல் இதே திரவத்தில் சல்பா மருந்தைக் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால்தான் 1938-ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. சென்னையில் 1972-ல் 15 குழந்தைகள் இறந்ததும், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1986-ல் 14 பேர் இறந்ததும் இதனால்தான். 2022-ல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்தபோது உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த நான்கு இந்தியச் சிரப்புகளில் ஒன்று புரோமெதசின். அதுவும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துதான்.

ஒரு கம்பெனியின் கணக்கில் வைத்துப் பார்த்தால் கரைப்பான் என்பது மூலப்பொருள் செலவில் ஒரு வரி. அந்த வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், டிரம் வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய சோதனையையும் விட்டுவிடலாம். இலாபம் கூடியது போலத் தெரியும். அதன் உண்மையான செலவு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வராது, யாரோ ஒரு வீட்டில் விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சிந்த்வாராவில் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் குறைந்தவர்கள். சிறு குழந்தைகளின் சளி பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். டாக்டர் எழுதித் தராமல் சிரப் வாங்காதீர்கள். பெரியவர்கள் மாத்திரை போட்டால், தூக்கம் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மிஷினில் உட்காருங்கள்.