ஈடிப்பஸ் சிக்கல்

ஈடிப்பஸ் சிக்கல் என்பது, குழந்தை தன் பெற்றோருள் ஒருவர்மீது ஆசையும் மற்றவர்மீது போட்டியுணர்வும் கொள்வதைக் குறிக்கும் உளப்பகுப்பாய்வுக் கருத்துரு ஆகும். இதனை முன்வைத்தவர் ஆஸ்திரிய மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட்.

பெயர்க் காரணம்

ஈடிப்பஸ் கிரேக்கத் தொன்மத்தில் வரும் அரசன். இன்னார் என்று அறியாமலேயே தந்தையைக் கொன்று தாயை மணக்கிறான். 1896இல் தந்தையை இழந்தபின் தம் மனத்தையே ஆராய்ந்த பிராய்ட், இக்கதையில் நனவிலி ஆசையின் உருவைக் கண்டார். 1897இல் நண்பர் பிலீசுக்கு எழுதிய மடலில் இதனைத் தெரிவித்தார். இப்பெயரை 1910இல் கையாண்டார்.

விளக்கம்

ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து அகவையில் ஆண் குழந்தை தாயைத் தனக்கே உரியவளாக்க விழைகிறது. தந்தையைப் போட்டியாளராகக் கருதுகிறது. எனினும் அதே தந்தையை நேசிக்கவும் செய்கிறது. ஆண்மையிழப்பு என்னும் தண்டனைக்கு அஞ்சி ஆசையைக் கைவிட்டு, அவரைப் போலாக முயல்கிறது. பெற்றோரின் விலக்குகள் அதன் மனச்சான்றாக நிலைபெறுகின்றன. பிற்காலக் காதல் உறவுகளிலும் இதன் சாயல் தொடரும் என்றார் பிராய்ட்.

மாற்றுக் கருத்துகள்

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1927இல் வெளியிட்ட நூலில் டிரோப்ரியண்ட் தீவுகளின் தாய்வழிச் சமூகத்தை எடுத்துக்காட்டினார். அங்கு கண்டிக்கும் அதிகாரம் தாய்மாமனுக்கு உரியது. சிறுவனின் பகைமையும் தந்தையை விட்டு அவர்மீதே திரும்புகிறது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், ஐரோப்பியரிடம் உள்ள அளவுக்கு ஆண்மையிழப்பு அச்சம் இந்திய நோயாளிகளிடம் வெளிப்படவில்லை என 1929இல் பிராய்டுக்கு எழுதினார். இச்சிக்கல் மாந்தர் அனைவருக்கும் பொதுவானதா, குடும்ப அமைப்புக்கேற்ப மாறுவதா என்னும் வினா இவற்றால் வலுப்பெற்றது.