இறையாண்மை எல்லை நடவடிக்கை

புகலிடம் கோரிப் படகில் வருவோரைத் தடுக்க ஆஸ்திரேலிய அரசு 2013 செப்டம்பரில் தொடங்கிய, ராணுவ அதிகாரி தலைமையிலான திட்டம். படகுகளைத் திருப்பி அனுப்புவது இதன் முக்கியக் கூறு. ‘கடலில் நடக்கும் விவகாரம்’ என்று கூறி, குடிவரவு அமைச்சர் ஸ்காட் மாரிசன் விவரங்களை வெளியிட மறுத்தார். வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பும் சில மாதங்களில் கைவிடப்பட்டது.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேர், பெரும்பாலும் இலங்கைத் தமிழர், நடுக்கடலில் பிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலில் அடைத்துவைக்கப்பட்டனர். வழக்கு தொடரப்பட்ட பிறகே அவர்கள் தன் காவலில் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் வேறொரு படகில் வந்த 41 பேர் மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். 157 பேரின் தடுப்புக்காவல் சட்டப்படி செல்லும் என்று ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் 2015 ஜனவரியில் 4–3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.